துறைமுகம் காலியான வாரம்

இரண்டரை வருடம், வாரத்துக்கு ஆறு நாள், ஒரு டாக்டரின் குரல் என் காதுக்குள்ளேயே இருந்தது. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. நான் ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனாலும் 2003-இல் எங்கள் வீட்டில் நடந்ததற்கெல்லாம் தொடக்கம் அந்தக் குரல்தான்.

மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்த வருடம் நான் வேலைக்குப் போனேன். வீடு பெங்களூர் பிரேசர் டவுனில். கணவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். கோல்ஸ் பார்க் பக்கத்தில் ஒரு மரச்சாமான் கடையின் இரண்டாவது மாடியில் புதிதாக ஒரு கம்பெனி திறந்திருந்தார்கள். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், பார்த்ததையெல்லாம் ஒரு கருவியில் பேசிப் பதிவு செய்வார்கள். அது இன்டர்நெட் வழியாக எங்களுக்கு வரும். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். பெடலை மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கேட்டதைக் கேட்டபடி டைப் செய்ய வேண்டும். நான் விலங்கியல் பட்டதாரி என்பதால் உடம்பின் பாகங்களுடைய பெயர்கள் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது. காலை ஆறு மணிக்கு ஷிப்ட், மதியம் இரண்டுக்கு விடுவார்கள். மகளைக் கீழ்வீட்டு அக்கா பள்ளிக்குக் கிளப்பி அனுப்பிவிடுவார்.

முதல் நாளே நான்கு பக்கக் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இங்கே கேட்ட எதையும் வெளியே சொல்லக் கூடாது, வீட்டில்கூட. சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு நோயாளியைப் பற்றிக் கீழே டீக்கடையில் சிரித்துப் பேசிய ஒருத்தியை அன்று மாலைக்குள் அனுப்பிவிட்டார்கள். அதனால் அந்த டாக்டர் இருந்த ஊரின் பெயரை இப்போதும் நான் எழுதப் போவதில்லை. கிழக்கே ஒரு தீவு நாட்டின் துறைமுக ஊர் என்று மட்டும் சொல்லலாம்.

அவர் வயதானவர். நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நடுவில் இருமுவார். பின்னால் கடற்பறவைகள் கத்துவது கேட்கும். சில நாள் மிகத் தாழ்ந்த குரலில் ஒரு ஊதல் நீளமாக ஒலிக்கும். அப்போது அவர் பேச்சை நிறுத்திவிட்டு, அது முடிந்ததும் தொடர்வார். ஊர் ஆசியாவில் இருந்தது, ஆனால் அவரிடம் வருகிற ஆட்கள் எல்லாரும் அமெரிக்கர்கள். எனக்கு அது புரியவே இல்லை. ஒருநாள் எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் கன்னடப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிவாஜிநகரிலேயே வளர்ந்ததால் தமிழ் நன்றாக வரும்.

"அது அவங்க யுத்தக் கப்பல் நிக்கிற ஊருப்பா. அவங்க தேசத்துல இல்ல, இன்னொரு தேசத்துல. கப்பல் மட்டும் இல்ல, பெண்டாட்டி புள்ளைங்க எல்லாம் அங்கேயே குடித்தனம்" என்றார்.

சண்டை ஒன்றும் இல்லையே, எதற்கு அங்கே போய் நிற்க வேண்டும் என்று கேட்டேன். அவர் என் மேஜையிலிருந்த ஃபைல் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டே, "சண்டை வந்தப்புறம் கிளம்பினா லேட் ஆகும்ல" என்றார்.

டாக்டருடையது தனியார் கிளினிக். கப்பல்காரர்களுக்குப் பெரிய ராணுவ மருத்துவமனை தனியாக இருந்தது. அங்கே போகப் பிடிக்காதவர்கள், அங்கே சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டியவர்கள், பெரும்பாலும் மனைவிமார்கள், இவரிடம் வந்தார்கள். கொஞ்ச நாளில் எனக்கு அந்த ஊரின் மூச்சு பிடிபட்டது. கப்பல்கள் வெளியே போனால் தலைவலியும் தூக்கமின்மையும் வரும். குழந்தைகள் படுக்கையை நனைக்கும். கப்பல்கள் திரும்பினால் இரண்டு மாதம் கழித்து வாந்தியும் மயக்கமுமாகப் பெண்கள் வருவார்கள். நாங்கள் அதை டைப் செய்யும்போது ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

ஒரு பெண் மட்டும் என் மனதில் தனியாக நின்றாள். பெயர் எங்களுக்கு வராது, எண்தான் வரும். முப்பத்திரண்டு வயது. அப்போது எனக்கும் அதே வயது. அவள் கணவன் ஒரு கப்பலின் எந்திர அறையில் வேலை செய்தான். அவளுக்கு ஒற்றைத் தலைவலி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாள். டாக்டர் அவள் சொன்னதை அப்படியே பதிவு செய்வார். கணவன் வீட்டில் இருக்கும் நாட்களில் வலி வருவதில்லை என்கிறாள். சமையலறைச் சுவரில் நாள்காட்டியைத் திருப்பி மாட்டி வைத்திருக்கிறாள். நாளைப் பார்க்காமல் இருந்தால் வலி குறைகிறதாம். அதை டைப் செய்தபோது என் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் வருடத்துக்கு ஒரு மாதம்தான் வருவார். மற்றபடி வெள்ளிக்கிழமை மதியம் போன். அங்கே வெள்ளி விடுமுறை. நான் ஷிப்ட் நடுவில் இருப்பேன் என்பதால் நான் வீடு வந்து சேர்ந்ததும் மூன்று மணிக்குப் பேசுவார். ஆம்பூர்க்காரர் ஒருவரும் அவரும் ஒரே அறையில் இருந்தார்கள். சமையல் முறைவைத்து. ஆம்பூர்க்காரர் வைக்கும் மீன் குழம்பைப் பற்றித்தான் பாதிப் பேச்சு இருக்கும்.

என் கணவருக்கு அது இரண்டாவது குவைத். முதல் தடவை அவர் போனது கல்யாணத்துக்கு முன்பு. 1990-இல் சதாமின் படை உள்ளே வந்தபோது அங்கேதான் இருந்தார். பஸ்ஸில் பாலைவனத்தைக் கடந்து, ஜோர்டானில் கூடாரத்தில் கிடந்து, விமானத்தில் பம்பாய் வந்து, அங்கிருந்து ரயிலில் பெங்களூர் சேர்ந்தவர். வரும்போது கையில் ஒரு ரெக்சின் பை, அதற்குள் ஒரு ஸ்பேனர் செட். துணிமணியை விட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்து வந்திருக்கிறார். அந்தக் கதையை அவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார். கூடாரத்தில் தண்ணீருக்காக வரிசையில் நின்றபோது தனக்கு முன்னால் நின்றிருந்தவர் உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்கவே இல்லை என்பதை மட்டும் ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

2002 நடுவில் டாக்டரின் ஃபைல்களில் ஏதோ மாறத் தொடங்கியது. முதலில் பற்கள். கடைவாய்ப் பல் பிடுங்கிய பிறகு வீக்கம், ஜுரம் என்று இளைஞர்கள் வந்தார்கள். ஒரு வாரத்தில் ஒருவர் இருவர் என்றால் நான் கவனித்திருக்க மாட்டேன். தினமும் வந்தார்கள். இருபது, இருபத்தொரு வயது. டாக்டரே ஒருநாள் எரிச்சலாகப் பதிவு செய்தார், இந்தப் பையனின் பல் இன்னும் பத்து வருடம் தாங்கியிருக்கும், நீண்ட பயணத்தில் பல்வலி வரக் கூடாது என்று பிடுங்கியிருக்கிறார்கள் என்று. அப்புறம் தடுப்பூசி. போட்ட இடத்தில் கை வீங்கி, அக்குளில் நெறி கட்டி வருகிறவர்கள். பெரியம்மைத் தடுப்பூசி என்று டாக்டர் சொன்னபோது நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று பெடலை மூன்று தடவை மிதித்துக் கேட்டேன். உலகத்திலேயே இல்லாமல் போன நோய் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது அது. எவனோ அதை ஆயுதமாக வைத்திருப்பான் என்று நினைத்தால் ஒழிய யாரும் அந்த ஊசியைப் போட மாட்டார்கள்.

பேப்பரில் அப்போது சதாம் விஷயமாகப் பேச்சுவார்த்தை, சோதனைக் குழு, தீர்மானம் என்றுதான் வந்துகொண்டிருந்தது. தெருவில் காவேரித் தண்ணீர்த் தகராறு பற்றிப் பயந்து பேசிக்கொண்டிருந்தார்கள். 91-இல் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தது மறுபடி நடக்குமோ என்று கீழ்வீட்டு அக்கா தமிழ்ப் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வெளியே போவார். என் பயம் வேறாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் நிற்கும்போதும், சிவாஜிநகர் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கும்போதும், எனக்கு மட்டும் ஏதோ ஒன்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது போலிருக்கும். பிறகு, நாலு பையன்களின் பல்லை வைத்து நீ என்ன கண்டுவிட்டாய் என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

அந்த வருடக் கடைசியில் அந்த முப்பத்திரண்டு வயதுப் பெண் வந்தாள். கணவனின் கப்பல் ஊருக்குத் திரும்பி இரண்டே மாதம் ஆகிறது, மறுபடி கிளம்பத் தயாராகச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. இந்தத் தடவை முதல்முறையாக அவன் வீட்டில் இருக்கும்போதே அவளுக்கு வலி வந்திருக்கிறது.

ஜனவரி முதல் வெள்ளி. என் கணவர் போனில் உற்சாகமாக இருந்தார். கம்பெனிக்கு ஒரு பெரிய வேலை கிடைத்திருக்கிறதாம். வடக்கே பாலைவனத்தில் கொட்டகை கொட்டகையாகப் போடுகிறார்கள், எல்லாவற்றுக்கும் ஏசி மாட்ட வேண்டும். யாருக்கு என்று கேட்டேன். "அமெரிக்காக்காரனுக்குத்தான். பயிற்சி கிற்சின்னு சொல்றானுங்க. நமக்கின்னா. ஓவர்டைம் ரெண்டு மடங்கு" என்றார். அங்கே அப்போது குளிர் எப்படி என்று கேட்டேன். காலையில் ஸ்வெட்டர் போடாமல் வெளியே வர முடியவில்லை என்றார்.

போனை வைத்துவிட்டு நான் அங்கேயே நின்றேன். ஸ்வெட்டர் போடுகிற குளிரில் ஏசி மாட்டுகிறார்கள் என்றால் வெயில் காலம் வரைக்கும் இருக்கப் போகிறார்கள். பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் வந்து படுக்கப் போகிற கொட்டகையில் என் கணவர் ஏணி போட்டு ஏறிக்கொண்டிருந்தார்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழு மணி இருக்கும். ஒரு குழந்தையின் காதுவலி ஃபைல். டாக்டர் மருந்தின் அளவைச் சொல்லி முடித்தார். கருவியை நிறுத்த மறந்துவிட்டார். நாற்காலி நகரும் சத்தம். அறையில் வேறு யாரோ இருந்தார்கள், அந்த ஊர் நர்ஸாக இருக்கலாம். டாக்டர் ஜன்னல் பக்கம் போயிருக்க வேண்டும், குரல் தள்ளிப் போய்க் கேட்டது. பதினெட்டு வருடமாக இந்த ஜன்னலில் நின்று பார்க்கிறேன், துறைமுகம் இப்படிக் காலியாகி ஒருநாளும் பார்த்ததில்லை, அந்தப் பெரிய கப்பலும் போய்விட்டது என்றார். அறையில் இருந்தவள் ஏதோ கேட்டாள். அதற்கு அவர், "எங்கே போகிறதென்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது" என்றார். பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் பறவைகள் மட்டும் கத்தின. அந்த நிமிடம் முழுக்க நான் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

மருத்துவத்துக்குத் தொடர்பில்லாத பேச்சை விட்டுவிட வேண்டும் என்பது விதி. குழந்தையின் காதுவலியை மட்டும் டைப் செய்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை போனில் என் கணவரிடம் கிளம்பி வந்துவிடுங்கள் என்றேன். காரணம் கேட்டார். சொல்லக் கூடாததைச் சொன்னேன். பல்லைப் பற்றி, ஊசியைப் பற்றி, காலியான துறைமுகத்தைப் பற்றி. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இதெல்லாம் டிவியிலயே சொல்றான்மா. கப்பல் வந்து நிக்குதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். தொண்ணூறுல யாருக்குமே தெரியாது, அதான் அப்படி மாட்டிக்கினோம். தெரிஞ்ச சண்டை வராது. சும்மா நிறுத்தி வெச்சி பயம் காட்டுவானுங்க."

"வந்துட்டா?"

"பாஸ்போர்ட் கம்பெனில கீது. இப்ப பாதி வேலைல லீவு கேட்டா எவன் குடுப்பான்? சாவு, ஆபரேஷன்னு ஏதாவது இருந்தாத்தான் விடுவான்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சனிக்கிழமை முழுவதும் ஆபரேஷன் என்ற அந்த ஒரு வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு சிவாஜிநகர் மாதா கோயில் பூசையில் முட்டிபோட்டபடி, என் மனதுக்குள் ஒரு மருத்துவ அறிக்கை வாக்கியம் வாக்கியமாக அமைந்துகொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் அதை டைப் செய்தேன். எனக்கு எட்டு நிமிடம்தான் ஆனது. முப்பத்திரண்டு வயதுப் பெண், ஆறு வாரமாக அடிவயிற்றில் வலி, ஸ்கேனில் கருப்பையில் கட்டி, தன்மை தெரியவில்லை, மூன்று வாரத்துக்குள் அறுவை சிகிச்சை, கணவர் உடனிருப்பது அவசியம். இல்லாத ஒரு டாக்டர், இல்லாத ஒரு நர்சிங் ஹோம். இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு அந்தக் கிழவரின் நடை எனக்குள் ஊறியிருந்தது. தயங்குகிற இடம்கூட அவருடையதாகவே வந்தது. பிரிண்ட் எடுத்துக் கீழே கையெழுத்தைக் கிறுக்கினேன். இரண்டு மணிக்கு மேல் மசூதி ரோட்டில் ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து என் கணவரின் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவரால் அதிகாரி முன்னால் நின்று பொய் சொல்ல முடியாது. அவர் நம்பினால்தான் அவர்களும் நம்புவார்கள்.

நான் செய்த தவறு, பிரிண்டரில் ஒரு பிரதி கூடுதலாக வந்ததைக் கவனிக்காதது. மறுநாள் காலை சூப்பர்வைசர் என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். அந்தத் தாள் அவர் மேஜையில் குப்புறக் கிடந்தது. என் பெயர் அதில் இருந்தது. கண்டுபிடித்துவிட்டார், வேலை போயிற்று, போலீஸ் வரைக்கும் போகலாம் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார்.

"யாக்கம்மா ஹேளில்லா? ஏன் என்கிட்ட சொல்லல? இத வெச்சிக்கிட்டா தெனம் ஆறு மணிக்கு வந்து உக்காந்திருந்தே?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததை நான் பிரிண்ட் எடுத்ததாக நினைத்துவிட்டார் என்று புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை அழுகையை அடக்குவதாக எடுத்துக்கொண்டார். அவருடைய அக்காவுக்கு இதேபோல வந்ததாகவும், இப்போது நன்றாக இருப்பதாகவும் சொன்னார். அடுத்த வாரம் ஏதோ கோயிலிலிருந்து குங்குமம் கொண்டுவந்து, நீங்க கிறிஸ்டியன்தான், பரவாயில்ல, பர்சுல வெச்சிக்கோ என்று கொடுத்தார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பொட்டலத்தைத் தொடும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் நிஜமாகவே வலித்தது.

கம்பெனி இழுத்தடித்து, மார்ச் முதல் வாரத்தில்தான் என் கணவரை அனுப்பியது. அதுவரை வெள்ளிக்கிழமை போனில் அவர் கேட்டதற்கெல்லாம், வாங்க, நேரில் பேசிக்கலாம் என்று மட்டும் சொல்லிவந்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போனேன். வெளியே வந்தவர் மகளைக்கூடத் தூக்கவில்லை, முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார். ஆட்டோவில் என் கையை விடவே இல்லை. ஒரு மாதத்தில் அவர் அவ்வளவு மெலிந்திருந்தார். ஏர்போர்ட் ரோடு முழுக்க, இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று எனக்குள் அடித்துக்கொண்டே வந்தது. மகள் நடுவில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, மகள் கீழ்வீட்டுக்கு விளையாடப் போனதும் அவர் கேட்டார்.

"ஆபரேஷன் என்னைக்கு வெச்சிக்கீறாங்க?"

"ஆபரேஷன் இல்லீங்க."

"மாத்திரையிலயே கரைஞ்சிடுமா?"

"கட்டியே இல்ல. அத நான்தான் எழுதினேன்."

அவருக்குப் புரியவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த ஃபேக்ஸ் தாளை எடுத்தார். நாலாக மடித்து மடித்து மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. அதைப் பிரித்து என்னிடம் நீட்டி, இதையா என்றார். ஆமாம் என்றேன். கையெழுத்து என்றார். அதுவும் நான்தான் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தத் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"இது வந்த நாள்லேர்ந்து எனக்கு சோறு எறங்கல. ஆம்பூர்க்காரன்தான் கைய புடிச்சி உக்கார வெச்சி ஊட்டினான். மவளை எப்படி வளக்கப் போறேன்னு ஏணி மேல நின்னுக்கினு அழுதேன். தெரியுமா ஒனக்கு?"

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. மகளிடம் பேசினார், கீழ்வீட்டு அக்காவிடம் பேசினார். திரும்பிப் போக மார்ச் கடைசி வாரத்தில் டிக்கெட் உறுதி செய்துகொண்டு வந்தார். அந்தத் தேதியை எனக்கு மகள்தான் சொன்னாள்.

அந்த இரண்டு வாரமும் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். டாக்டரிடம் ஆண்கள் யாரும் வரவில்லை. பெண்களும் குழந்தைகளும் மட்டும். தூக்க மாத்திரை, தூக்க மாத்திரை, அளவு கூட்டப்பட்டது. பின்னால் அந்தத் தாழ்ந்த ஊதல் கேட்கவே இல்லை. டாக்டருக்கும் இருமல் அதிகமாகியிருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குச் சூப்பர்வைசர் ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து எங்கள் எல்லாரிடமும் சொன்னார், தொடங்கிவிட்டது என்று. யாரோ உலகக் கோப்பை பைனலைப் பற்றிக் கேட்டார்கள். நான் சொன்னது நடந்துவிட்டது என்று ஒரு துளிகூட மனம் ஆறவில்லை. அந்தப் பெண்ணின் திருப்பி மாட்டிய நாள்காட்டிதான் கண்முன் நின்றது.

இரண்டரைக்கு வீட்டுக்குப் போனேன். கணவர் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். இருட்டான கடலில் ஒரு கப்பலின் தளம். அதிலிருந்து நெருப்பாக ஒன்று எழும்பிப் போனது. அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

குவைத்தில் அன்றே சைரன் ஊதியது. அவர் ஆம்பூர்க்காரரின் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தார். கிடைக்கவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, கிடைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். தனக்குப் பதிலாகக் கொட்டகை வேலைக்கு ஆம்பூர்க்காரரை வடக்கே அனுப்பியிருப்பார்கள் என்று மகளிடம் சொல்வதுபோல எனக்குக் கேட்கச் சொன்னார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஒருவரைத் தப்பிக்க வைக்கிறேன் என்று நினைத்து அந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்திவிட்டேனா என்ற எண்ணம் வந்ததும் எனக்கு வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போய் மாலை வரைக்கும் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை லைன் கிடைத்தது. ஆம்பூர்க்காரர் உயிரோடு இருந்தார். ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டி, ஈரத் துண்டை வாசலில் போட்டு, எட்டுப் பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள். சைரன் ஊதினால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்குள் போகிறார்கள். அவரை வடக்கே அனுப்பத்தான் செய்தார்கள், சண்டை தொடங்குவதற்கு நான்கு நாள் முன்பு வேலை முடிந்து திரும்பிவிட்டாராம். அண்ணிக்கு ஆபரேஷன் முடிஞ்சிதா என்று கேட்டிருக்கிறார். என் கணவர் முடிஞ்சிது என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்த வாரம் விமானங்கள் ஓடவில்லை. ஓடத் தொடங்கியபோது கம்பெனி வேறு ஆளை எடுத்திருந்தது. ஜூனில் விசாவை ரத்து செய்துவிட்டார்கள். குவைத்தில் அவருக்குத் தெரிந்த யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அவர் வராமல் அங்கேயே இருந்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதை அவர் ஒருதடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையின் ஏசி பராமரிப்பு வேலையில் சேர்ந்தார். காலையில் ஆறரைக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போவார். வீட்டில் தேவைக்குப் பேசினோம்.

அலுவலகத்தில், ஆபரேஷன் வேண்டாம், மருந்திலேயே சரியாகிவிட்டது என்று சொன்னேன். சூப்பர்வைசர் கண்ணை மூடிக் கும்பிட்டார். நேர்த்திக்கடன் இருக்கிறது என்று தலைமுடி கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்தார். அவரிடம் கடைசிவரை நான் உண்மையைச் சொல்லவில்லை. இந்த முழுக் கதையில் எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

மே மாதம் அந்தப் பெண்ணின் ஃபைல் வந்தது. இந்த முறை நோயாளி அவளில்லை, அவள் கணவன். கப்பல் திரும்பி வந்திருந்தது. காயம் எதுவும் இல்லை. எடை சரியாக இருக்கிறது. எந்திரச் சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை என்கிறார். நடு இரவில் எழுந்து பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் போய்ப் படுத்துக்கொள்கிறார் என்று மனைவி சொல்கிறாள். கடலில் இருந்தபோது அவருடைய கப்பலிலிருந்து எதெல்லாம் கிளம்பிப் போனது என்பதைப் பற்றிக் கேட்டேன், அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. முற்றுப்புள்ளி, என்று டாக்டர் முடித்தார். அதுதான் அவர்களைப் பற்றி நான் கடைசியாகக் கேட்டது. ஆகஸ்டில் அந்தக் கிளினிக்கின் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. எனக்கு ஒரு குழந்தை டாக்டரைக் கொடுத்தார்கள், மடமடவென்று பேசுகிற ஒருவர்.

அடுத்த வருடம் ஈஸ்டருக்குப் பிறகு ஆம்பூர்க்காரர் லீவில் ஊருக்கு வந்தவர், எங்களைப் பார்க்க ஒரு பகல் பெங்களூருக்கு வந்தார். பேரீச்சம்பழப் பெட்டியும் மகளுக்கு ஒரு கைக்கடிகாரமும் கொண்டுவந்திருந்தார். நான் மீன் குழம்பு வைத்தேன், அவருடையது போல வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அவர் அந்தக் கொட்டகைகளைப் பற்றிச் சொன்னார். பஸ் பஸ்ஸாக இறங்கின பையன்கள், மூஞ்சியில் இன்னும் பருகூடப் போகாத பையன்கள், ஏசி காற்றுக்கு நேராகப் படுத்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்களாம். ஒருவன் எழுந்து இவருக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்தானாம். இவர் திரும்பிக் கிளம்பிய நாளில் அந்தக் கொட்டகை காலி. கட்டில்கள் மட்டும் வரிசையாக. ஏசி ஓடிக்கொண்டே இருந்ததாம், அணைக்க ஆள் இல்லாமல்.

பிறகு என்னைப் பார்த்து, "இப்ப ஒடம்பு எப்படிக்கீது அண்ணி?" என்று கேட்டார்.

நான் தட்டைப் பார்த்தேன். "நல்லாக்கீறா" என்று என் கணவர் பதில் சொன்னார். "டைமுக்குப் பாத்துட்டதால ஒண்ணும் ஆவல."

அவரை பஸ் ஏற்றிவிடக் கணவர் சிவாஜிநகர் வரை போனார். திரும்பி வந்தபோது ஆறு மணி. நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு வருடத்துக்கு மேல் கேட்காததைக் கேட்டார்.

"அந்த டாக்டரு வேற என்னெல்லாம் சொன்னாரு?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.